ஜப்பானீஸ்ல நடுக்கம், உதறல், சிலிர்ப்பு எல்லாத்தையும் சொல்றது எப்படி? முழுமையான வழிகாட்டி

டிக்ஷனரியில "நடுங்கு"ன்னு தேடினா ஜப்பானீஸ்ல ஒரே ஒரு வினைச்சொல் தான் முன்னாடி வந்து நிக்கும், ஃபுருஎரு. குளிர்ல நடுங்கினாலும் அதான், பயத்துல நடுங்கினாலும் அதான், கோவத்துல உதடு துடிச்சாலும் அதான், பாக்கெட்ல போன் வைப்ரேட் ஆனாலும் அதான். நிறைய பேர் இதோட நிறுத்திடுறாங்க, ஏன்னா வாக்கியம் தப்பில்லாம வந்துடுது. ஆனா ஜப்பான்காரங்க பேசுறதை கொஞ்ச நேரம் கவனிச்சு கேளுங்க, அந்த ஃபுருஎருக்கு முன்னாடி ஒரு குட்டி இரட்டைச் சொல் ஓடி வரும். எதனால நடுக்கம், உடம்புல எந்த இடம், எவ்வளவு பலம்னு மொத்த சேதியும் அந்த குட்டிச் சொல்லுக்குள்ள தான் இருக்கும், வினைச்சொல் பின்னாடி துணைக்கு நிக்கும், அவ்வளவு தான்.

தமிழ்ல பேசுறவங்களுக்கு இது ரொம்ப சாதகமான விஷயம். "வெடவெடன்னு நடுங்கினான்", "கிடுகிடுன்னு ஆடுச்சு"ன்னு நாம யோசிக்காமலே பேசுறோம்ல, அதே வேலை தான் அங்கயும் நடக்குது. அதனால இந்த வழிகாட்டியில வினைச்சொல்லை சீக்கிரம் முடிச்சிட்டு, இரட்டைச் சொற்கள்ல தான் நிறைய நேரம் நிக்கப் போறோம்.

படி 1: வாசிக்கிற முறையை சரி பண்ணிக்கோங்க

ஜப்பானீஸ் வார்த்தைகளை தமிழ் எழுத்துலயே எழுதியிருக்கேன், அதுக்கு ஒரு ஏற்பாடு வேணும். "பழம்"ல வர்ற பவுக்கும் "பஸ்"ல வர்ற பவுக்கும் நம்மகிட்ட ஒரே எழுத்து தான். ஜப்பானீஸ்ல அது ரெண்டும் தனித்தனி, அதுலயும் நடுக்கச் சொற்கள்ல அந்த வித்தியாசம் அர்த்தத்தையே மாத்திடும். அதனால சுலோக புத்தகத்துல போடுற மாதிரி, கனமான ஒலிக்கு பக்கத்துல ³ போட்டிருக்கேன். க³ன்னா "காந்தி"ல வர்ற க, த³ன்னா "தினேஷ்"ல வர்ற த, ப³ன்னா "பஸ்"ல வர்ற ப. எண் இல்லாத எழுத்து வார்த்தையோட நடுவுல வந்தாலும் வல்லினமாவே சொல்லணும், நம்ம நாக்கு பழக்கத்துல தானா மெலிய விட்டுடும், அதை இங்க விடக்கூடாது. "கத"ன்னு எழுதியிருந்தா அதுல வர்றது "தலை"யோட த, "கதை"யோட த இல்ல. ஜ வந்தா "ஜூ"வுக்கு மிருகங்களை பாக்கப் போறோம்ல, அந்த ஒலி, "ஜி" மட்டும் ஜிலேபியோட ஜி. குறில் போட்ட இடத்துல குறிலாவே நிறுத்துங்க.

படி 2: ஃபுருஎருவை நாலு விதமா மடக்க தெரிஞ்சா போதும்

வினைச்சொல் சுலபமான குரூப் தான், கடைசி ருவை எடுத்துட்டு ஒட்டினா வேலை முடிஞ்சுது. ஃபுருஎமஸுன்னா மரியாதை வடிவம், ஃபுருஎதன்னா நடுங்குச்சு, ஃபுருஎனைன்னா நடுங்காது, ஃபுருஎதெஇருன்னா நடுங்கிட்டு இருக்கு. இந்த கடைசி வடிவத்தை பேச்சுல ஃபுருஎதெருன்னு சுருக்கிடுவாங்க. நீங்க அதிகமா கேக்கப் போறதும் சொல்லப் போறதும் இந்த ஃபுருஎதெரு தான், ஏன்னா நடுக்கம் நடந்துக்கிட்டு இருக்கும்போது தானே அதைப் பத்தி பேசுவோம்.

எது நடுங்குதோ அதுக்கு பின்னாடி க³ வரும். கை நடுங்குதுன்னா "தெ க³ ஃபுருஎதெரு". குரல் நடுங்குதுன்னா "கொஎ க³ ஃபுருஎதெரு". கால், உடம்பு, உதடு எல்லாமே இப்படித்தான். "எனக்கு கை நடுங்குது"ன்னு சொல்லணும்னா முன்னாடி "வதஷி வ" சேர்த்துக்கலாம், ஆனா பேச்சுல யாரும் சேர்க்கறதில்ல, யார் கைன்னு தெரிஞ்சது தானே.

இங்க ஒரு தப்பு எல்லார் வாயிலயும் வரும், "தெ ஒ ஃபுருஎரு"ன்னு. ஒ போட்டா அது செயப்படுபொருள், ஃபுருஎருக்கு அது கிடையாது. ஒ வேணும்னா வினைச்சொல்லையே ஃபுருவஸெருன்னு மாத்தணும், நடுங்கு, நடுக்குன்னு ரெண்டு இருக்குல்ல, அந்த ஜோடி. ஆனா ஃபுருவஸெருவை வேணும்னே நடுக்குறதுக்குன்னு நினைச்சுக்காதீங்க. "கத ஒ ஃபுருவஸெதெ நகு"ன்னா தோள் குலுங்க குலுங்க அழுறது, "கொஎ ஒ ஃபுருவஸெதெ ஹனஸு"ன்னா குரல் நடுங்க பேசுறது. வெளியில இருந்து ஒருத்தரை பாத்து வர்ணிக்கிற தொனி அது, கதை எழுதுறவங்க கையில அடிக்கடி வரும். உங்களைப் பத்தி நீங்களே சொல்லும்போது க³ போட்டு ஃபுருஎருவே போதும்.

பெயர்ச்சொல்லா வேணும்னா ரு இல்லாம வெறும் ஃபுருஎ. "ஃபுருஎ க³ தொமரனை", நடுக்கம் நிக்கவே மாட்டேங்குது. இந்த வாக்கியத்தை அப்படியே மனப்பாடம் பண்ணி வச்சுக்கோங்க, குளிர், ஜுரம், பயம், அழுகைன்னு எல்லா இடத்துலயும் கை கொடுக்கும். நடுங்க ஆரம்பிச்சதுன்னா ஃபுருஎத³ஸு, பயத்துல வெலவெலத்துப் போறதுன்னா ஃபுருஎஅக³ரு.

படி 3: காரணத்தை ஒட்டுங்க

பேச்சு வழக்குக்கு சுலபமான வழி தெ வடிவம் தான், அதாவது காரணம் சொல்ற சொல்லை தென்னு முடிக்கிறது. "ஸமுகுதெ ஃபுருஎதெரு", குளிருது, அதனால நடுங்குறேன். "கொவகுதெ ஃபுருஎதெரு", பயமா இருக்கு, நடுங்குறேன். பெயர்ச்சொல்லா காரணம் வந்தா பின்னாடி தெ³ போடுங்க, "ஸமுஸ தெ³", "கின்ச்சோ தெ³" (குளிரால, டென்ஷனால). கோவம், பயம், நெகிழ்ச்சி மாதிரி உணர்ச்சிகளுக்கு நி வரும், "இகரி நி ஃபுருஎரு", "க்யோஃபு நி ஃபுருஎரு". நி வந்தா எழுத்து நடை ஏறிடும், அந்த உணர்ச்சிக்குள்ளயே ஆள் மூழ்கிட்ட மாதிரி இருக்கும். நண்பர்கிட்ட பேசும்போது தெ³ போதும்.

குளிருக்கு ஸமுஇயா, த்ஸுமெதஇயான்னு குழப்பம் வரும். சுத்தி இருக்குற காத்து, ரூம், வானிலைக்கு ஸமுஇ. தொட்டா சில்லுன்னு இருக்குற தண்ணி, கை, ஐஸுக்கு த்ஸுமெதஇ. உடம்பு மொத்தமும் குளிருல நடுங்கினா ஸமுஇ பக்கம் தான் போகணும்.

இதோட இன்னொரு விஷயத்தையும் இங்கயே சொல்லிடுறேன், நிறைய புத்தகத்துல இது தனியா வேற எங்கயோ இருக்கும். ஜப்பானீஸ்ல அடுத்தவங்க உடம்புக்குள்ள நடக்குற உணர்வை நீங்க அடிச்சு சொல்லக்கூடாது. "அவருக்கு குளிருது"ன்னு நேரா ஸமுஇ போட முடியாது, ஸமுக³த்தெருன்னு மாத்தணும், அதாவது குளிருற மாதிரி நடந்துக்கறார்னு. ஆனா ஃபுருஎரு கண்ணுக்கு தெரியுற விஷயம், அதனால அது யாருக்கு வேணா போடலாம். "அனொ ஹிதொ, ஃபுருஎதெரு" (அந்த ஆள் நடுங்குறாரு) முழுசா சரி. கீழ வரப்போற ஜொகுஜொகு, ஸமுகெ எல்லாம் உள்ள மட்டும் தெரியுற உணர்வு, அடுத்தவங்களுக்கு சொன்னா கடைசியில "மிதை" (மாதிரி) ஒட்டணும், "ஸமுகெ க³ ஸுரு மிதை"ன்னு (குளிர் எடுக்குற மாதிரி இருக்கு).

படி 4: இரட்டைச் சொற்கள், இது தான் மெயின்

பு³ருபு³ரு. இதுல இருந்து ஆரம்பிங்க. உடம்பு முழுக்க நடுங்குறது, குளிருக்கும் பயத்துக்கும் பொது. "ஸமுகுதெ பு³ருபு³ரு ஃபுருஎதெரு"ன்னா குளிர்ல வெடவெடன்னு நடுங்குறேன். மழையில நனைஞ்ச நாய்க்குட்டி, கோட் இல்லாம பஸ் ஸ்டாப்ல நிக்கிற ஆள், எல்லாத்துக்கும் இது பொருந்தும். எந்த சொல் போடுறதுன்னு சந்தேகம் வந்தா இதைப் போடுங்க.

புருபுரு. ஒரே ஒரு ஒலி தான் மாறியிருக்கு, ஆனா படம் வேற. சின்னதா, வேகமா, மெலிசா அதிர்றது. கனமான பையை ரொம்ப நேரம் தூக்கினதும் கை அதிரும்ல, ஜிம்ல பிளாங்க் போட்டா கடைசி சில செகண்ட்ல உடம்பு அதிரும்ல, அது தான். "உதெ³ க³ புருபுரு ஸுரு" (கை உதறுது). ஜெல்லி, புட்டிங் தட்டுல ஆடுறதுக்கும் இதே சொல் தான், பளபளன்னு ததும்புற உதட்டுக்கும் லிப்ஸ்டிக் விளம்பரத்துல இதே சொல் தான், அதனால இதுல ஒரு மென்மை ஒட்டிக்கிட்டு இருக்கும். பயங்கரமான காட்சியில புருபுரு போட்டா பயம் குறைஞ்சு போய் பாவமா தெரியும்.

க³தக³த. இது தகரக் கதவு, பழைய ஜன்னல், ரோட்டுல போற வண்டி ஆடுற சத்தம். உடம்புக்கு போட்டா நடுக்கம் அவ்வளவு பலம்னு அர்த்தம், எலும்பெல்லாம் ஆடுது. கடும் குளிர் ஜுரம், உயிர் பயம், இந்த ரெண்டுக்கும் இதான். "க³தக³த ஃபுருஎரு"வை பு³ருபு³ருக்கு மேல ஒரு படியா வச்சுக்கோங்க. உச்சரிப்புல ஒரு நுணுக்கம் இருக்கு. ஃபுருஎரு, ஸுரு மாதிரி வினைச்சொல்லுக்கு முன்னாடி வந்தா முதல் க³ உயரமா ஆரம்பிச்சு அப்புறம் குரல் இறங்கும். ஆனா "த்ஸுகுஎ க³ க³தக³த த³"ன்னு, மேஜை லொடலொடன்னு ஆடிப்போய் கிடக்குங்கிற நிலையை சொல்லும்போது குரல் இறங்காம சமமா போகும். இந்த ஏற்ற இறக்கம் க³தக³தவுக்கு மட்டும் இல்ல, நடக்குற விதத்தையும் இருக்குற நிலையையும் ரெண்டையும் சொல்லக்கூடிய இரட்டைச் சொற்கள் நிறையத்துக்கு இருக்கு, காதை தீட்டி வச்சு கேட்டா பிடிபடும். "க³தக³த இஉ ந"ன்னு யாராவது அதட்டினா அது நடுக்கம் இல்ல, சும்மா புலம்பாதன்னு அர்த்தம்.

க³குக³கு. மூட்டு மட்டும். முக்கியமா முழங்கால், சில சமயம் தாடை. "ஹிஜ க³ க³குக³கு ஸுரு" (முட்டி கடகடன்னு ஆடுது). மேடை ஏறும்போது வர்ற நடுக்கத்துக்கும் சொல்லலாம், ரொம்ப தூரம் நடந்த களைப்புக்கும் சொல்லலாம். இந்த களைப்பு நடுக்கத்துக்குன்னே ஒரு அழகான மரபுத்தொடர் இருக்கு, "ஹிஜ க³ வரஉ". வரஉன்னா சிரிக்கிறது, அதாவது முட்டி சிரிக்குது. 3776 மீட்டர் ஃபுஜி மலை ஏறிட்டு இறங்குறவங்க வாயில இது தானா வரும், ஏறும்போது இல்ல, இறங்கும்போது தான் முட்டி பிடி விட்டுப்போய் ஆடும். பயத்துல முட்டி நடுங்கினா இதைப் போடாதீங்க, இது களைப்புக்கு தான். இன்னொண்ணு, கால் தள்ளாடி நிக்க முடியாம நடுங்கினா "உமரெததெ நொ கொஜிக மிதை"ன்னு சொல்லுவாங்க, இப்போ தான் பொறந்த மான்குட்டி மாதிரி.

க³ச்சிக³ச்சி. பல்லுக்கு. "ஹ க³ க³ச்சிக³ச்சி நரு"ன்னா பல்லு தந்தி அடிக்குது. கவனம், வினைச்சொல் இங்க நரு, சத்தம் வருதுங்கிறது, ஃபுருஎரு இல்ல. இன்னொரு மரபுத்தொடரும் பல்லுக்கு இருக்கு, "ஹ நொ நெ க³ அவனை", மேல் பல் வேரும் கீழ் பல் வேரும் சேரவே மாட்டேங்குதுன்னு, குளிருக்கும் பயத்துக்கும் வரும். இதே க³ச்சிக³ச்சியை "கின்ச்சோ தெ³ க³ச்சிக³ச்சி"ன்னு சொன்னா அர்த்தம் நேர் எதிர், டென்ஷன்ல மரம் மாதிரி விறைச்சுப் போய் ஒரு அசைவும் இல்ல. இன்டர்வியூ பத்தி பேசும்போது பெரும்பாலும் இந்த அர்த்தம் தான்.

வனவன. கோவம், அதிர்ச்சி, அவமானம். அடக்க முடியாத உணர்ச்சியில உதடும் கையும் நடுங்குறது. "இகரி தெ³ குச்சிபி³ரு க³ வனவன தொ ஃபுருஎத" (கோவத்துல உதடு துடிச்சுது). குளிருக்கும் பழைய எழுத்துல வரும், ஆனா இன்னிக்கு கேக்குறவங்க மனசுல முதல்ல எழும்புறது கோவமோ பேரதிர்ச்சியோ தான். பேச்சுல இதை அதிகம் கேக்க மாட்டீங்க, கதையில நிறைய பாப்பீங்க. எனக்கு இந்த மொத்த கூட்டத்துலயும் ரொம்ப பிடிச்ச சொல் இது தான், வல்லின எழுத்து ஒண்ணு கூட இல்லாமலே அவ்வளவு அழுத்தத்தை தாங்குது.

ஜொகுஜொகு. இது முதுகுத்தண்டுல ஓடுறது, வெளியில தெரியாது. ஜுரம் வரப்போற நேரம் முதுகு சிலுசிலுங்கும்ல, "ஸெஸுஜி க³ ஜொகுஜொகு ஸுரு". அதே சொல் த்ரில்லுக்கும் வரும், மேட்ச் கடைசி ஓவர்ல, பேய்க்கதை நல்லா போகும்போது. உடம்பு சரியில்லையா, குஷியான்னு சுத்தி இருக்குற வாக்கியத்தை வச்சு தான் புரிஞ்சுக்கணும். இதோட தம்பி ஜொத்தொ, "ஜொத்தொ ஷித"ன்னா ஒரு நிமிஷம் குலை நடுங்கிப் போச்சு. நூலிழையில ஆக்ஸிடென்ட் தப்பிச்சதை அப்புறம் நினைச்சுப் பாக்கும்போது வரும்ல, அந்த உணர்வுக்கு இதை விட சரியான சொல் இல்ல. ரெண்டுமே ஸுருவோட தான் சேரும், "ஜொத்தொ ஃபுருஎரு"ன்னு யாரும் சொல்லறதில்ல.

பி³குபி³கு, பிகுபிகு, ஹிகுஹிகு. மூணையும் சேர்த்தே படிங்க. பி³குபி³குன்னா திட்டு விழுமோ மாட்டிக்குவோமோன்னு பயந்து பயந்து இருக்குறது. பி³குத்தொன்னா தூக்கிவாரிப் போடுறது. பிகுபிகுன்னா சின்ன தசை துடிப்பு, கண் இமை துடிச்சா "மபு³த க³ பிகுபிகு ஸுரு". ஹிகுஹிகு அதை விட மெலிசு, மூக்கு, கன்னத்துல வர்றது.

படி 5: ஒலியில இருக்குற கணக்கை பிடிங்க

மேல சொன்னதை மனப்பாடம் பண்ண கஷ்டமா இருந்தா இந்த படி தான் மருந்து. கனமான ஒலி, அதாவது ³ போட்டது, பெருசு, கனம், கரடுமுரடு. ³ இல்லாதது சின்னது, லேசு, மென்மை. பு³ருபு³ரு பெருசு, புருபுரு சின்னது. க³தக³தன்னா கதவே ஆடுது, கதகதன்னா டைப்ரைட்டர் தட்டுற மாதிரி லேசான சத்தம். இந்த கணக்கு நடுக்கத்துக்கு மட்டும் இல்ல, ஜப்பானீஸ்ல ஒலிக்குறிப்பு சொற்கள் பெரும்பாலானதுக்கு பொருந்தும். நம்ம நாக்கு இந்த ரெண்டையும் கலக்குற நாக்குங்கிறதால தான் முதல் படியிலயே அவ்வளவு அழுத்தி சொன்னேன், "க³தக³த"ன்னு சொல்ல நினைச்சு "கதகத"ன்னு சொன்னா கேக்குறவங்களுக்கு நடுக்கத்தோட அளவே மாறிடும்.

அடுத்து, ஒரு தடவையா, தொடர்ந்தா? இரட்டிச்சு சொன்னா தொடர்ந்து நடக்குது. பாதியை எடுத்து த்தொ ஒட்டினா ஒரே தடவை. பு³ருபு³ருன்னா நடுங்கிக்கிட்டே இருக்கான், பு³ருத்தொன்னா கதவைத் தொறந்ததும் காத்து பட்டு ஒரு உதறு உதறுச்சு, அவ்வளவு தான். இலக்கண வகுப்புல இரட்டைக்கிளவியை பிரிச்சா பொருள் வராதுன்னு படிச்சிருப்போம், ஆனா நம்ம பேச்சுல இதே வேலை நடக்குது பாருங்க, படபடன்னு தொடர்ந்து, பட்டுன்னு ஒரு தடவை. டகடகன்னு தொடர்ந்து, டக்குன்னு ஒரு தடவை. அந்த பட்டுன்னு, டக்குன்னு மனசுல இருந்தா பு³ருத்தொ, பி³குத்தொ, ஜொகுத்தொ எல்லாம் தானா வந்துடும்.

வினைச்சொல்லோட இணைக்கிற தொவும் இப்படித்தான். "பு³ருபு³ரு தொ ஃபுருஎரு"ல வர்ற தொ, ஒருத்தர் சொன்னதை எடுத்துச் சொல்லும்போதும் வர்ற அதே தொ. நாமளும் "வரேன்னு சொன்னான்", "வெடவெடன்னு நடுங்கினான்"னு ரெண்டுக்கும் ஒரே "ன்னு" தான் போடுறோம். இரட்டிச்ச சொல்லுக்கு பின்னாடி இந்த தொவை பேச்சுல விட்டுடலாம், போட்டா கொஞ்சம் எழுத்து நடை. ஆனா பு³ருத்தொ, ஜொத்தொல தொவை கழட்டவே முடியாது, அது சொல்லோடயே ஒட்டினது.

படி 6: ஆஸ்பத்திரியில சொல்ல வேண்டியது

நடுக்கத்தை சரியா சொல்லத் தெரிஞ்சே ஆகணும்னா அது இங்க தான். 2019 ஏப்ரல்ல ஆரம்பிச்ச தொகுதே கி³னோ விசாவுல (குறிப்பிட்ட திறன் உள்ள வெளிநாட்டு வேலைக்காரங்களுக்கு ஜப்பான் கொடுக்குறது) முதியோர் பராமரிப்பு வேலையும் இருக்கு, அந்த வேலைக்கு போறவங்களுக்கு இந்த படி ரெண்டு பக்கமும் உதவும், நீங்க நோயாளியா இருந்தாலும், நோயாளி சொல்றதை நர்ஸ்கிட்ட சொல்லணும்னாலும். வயசானவங்க நோயோட பேரை சொல்ல மாட்டாங்க, ஜொகுஜொகு, க³தக³தன்னு தான் சொல்லுவாங்க.

குளிர் எடுக்குதுன்னா ஸமுகெ. "நெத்ஸு க³ அக³த்தெ, ஸமுகெ க³ ஷிமஸு" (ஜுரம் ஏறி குளிர் எடுக்குது). கடைசி ஸுவை லேசா முழுங்கிடுங்க. எழுதிப் பாக்கும்போது இதே கன்ஜியை (ஜப்பானீஸ்ல பயன்படுற சீன எழுத்து) கன்கின்னும் வாசிக்கலாம், அப்போ அது வானிலை செய்தியில வர்ற குளிர் காத்து, ஆஸ்பத்திரியில ஸமுகெ மட்டும் தான். டாக்டர் எழுதுற சொல் ஒகன். ஜுரம் ஏறிக்கிட்டு இருக்கும்போது தான் இது வரும், உடம்பு தசையை ஆட்டி சூட்டை உண்டாக்குது. போர்வை போத்தியும் நிக்காம நடுங்கினா அதை மறக்காம சொல்லுங்க, "மோஃபு ஒ கபு³த்தெமொ க³தக³த ஃபுருஎமஸு". ரத்தத்துல கிருமி கலந்திருக்கலாம்னு டாக்டர் சந்தேகப்படுற அறிகுறி அது, லேசான ஜொகுஜொகுவையும் இதையும் ஒண்ணா சொல்லிடக்கூடாது.

ஜுரம் இல்லாம கை மட்டும் நடுங்கினா "தெ நொ ஃபுருஎ க³ அரிமஸு". அடுத்து டாக்டர் "ஜித்தொ ஷிதெஇரு தொகி மொ ஃபுருஎமஸு க"ன்னு கேக்கலாம், சும்மா வச்சிருக்கும்போதும் நடுங்குதா, இல்ல கப்பை எடுக்கும்போது மட்டுமான்னு தெரிஞ்சுக்கத்தான். ரெண்டுக்கும் காரணம் வேற வேற, அதனால பொறுமையா யோசிச்சு பதில் சொல்லுங்க.

வலிப்பு, தசை இழுக்குறதுக்கு கேரென், அது ஃபுருஎருல சேராது. வலிப்பு வந்து நினைவு தப்பினா 119க்கு அடிச்சு "கேரென் ஷிதெஇமஸு"ன்னு சொல்லணும். ஷிபி³ரெருன்னு ஒண்ணு இருக்கு, அது மரத்துப் போறது, மண்டி போட்டு ரொம்ப நேரம் உக்காந்துட்டு எழும்போது கால் ஜிவ்வுன்னு இருக்கும்ல, அது. கை மரத்துப் போச்சுன்னு சொல்ற இடத்துல நடுங்குதுன்னு சொல்லிட்டா வைத்தியமே வேற பக்கம் போயிடும்.

படி 7: பூமியும் பொருளும்

வீடு, மரம், பாலம், பூமி ஆடினா யுரெரு. ஃபுருஎரு போடாதீங்க. நிலநடுக்கம் வந்ததும் ஜப்பான் முழுக்க எல்லார் வாயிலயும் வர்றது "யுரெதெரு!" தான். இத்தனைக்கும் நிலநடுக்கத்துக்கு அவங்க சொல்ற ஜிஷின்ல இருக்குற ரெண்டாவது கன்ஜி, ஃபுருஎருவை எழுதுற அதே கன்ஜி, மேல மழைக்கான கன்ஜியும் கீழ டிராகன் வருஷத்தை குறிக்கிற கன்ஜியும் சேர்ந்தது. வானிலை நிறுவனம் டிவியில போடுற ஷிந்தொ³வுலயும் அதே எழுத்து. ஷிந்தொ³ங்கிறது பூகம்பத்தோட மொத்த சக்தி இல்ல, நீங்க நிக்கிற இடம் எவ்வளவு ஆடுச்சுங்கிற அளவு, 0ல இருந்து 7 வரைக்கும், 5ஐயும் 6ஐயும் 1996ல மேல் கீழ்னு ரெண்டா பிரிச்சதால மொத்தம் 10 படி. 2011 மார்ச் 11 அன்னிக்கு மியாகி மாவட்டத்துல குரிஹராவுல 7 பதிவாச்சு. கன்ஜி ஒண்ணு தான்னாலும் வாயில வரும்போது மனுஷனுக்கு ஃபுருஎரு, வீட்டுக்கு யுரெரு. யுரெருக்கு முன்னாடி பலமான ஆட்டத்துக்கு கு³ரகு³ர, மெதுவா அசையுறதுக்கு யுரயுர.

ஆனா பொருள் சின்னதா வேகமா அதிர்ந்தா ஃபுருஎரு வரலாம். போன் வைப்ரேட் ஆனா "ஸுமஹொ க³ ஃபுருஎதெரு". பெரிய லாரி போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தா "பி³ரிபி³ரி ஃபுருஎரு". அதாவது இடம் விட்டு இடம் ஆடுறது யுரெரு, இருந்த இடத்துலயே அதிர்றது ஃபுருஎரு.

உக்காந்துக்கிட்டு காலை ஆட்டிக்கிட்டே இருக்குற பழக்கத்துக்கு பி³ன்போ³ யுஸுரின்னு பேரு, பி³ன்போ³ன்னா வறுமை. நம்ம வீட்டுல பெரியவங்க காலை ஆட்டாதன்னு சொல்ற மாதிரியே அங்கயும் சொல்லுவாங்க.

படி 8: குளிரும் இல்ல, பயமும் இல்ல

முஷபு³ருஇ. முஷன்னா போர்வீரன். போருக்கு போறதுக்கு முன்னாடி வேகத்துல, ஆவேசத்துல உடம்பு நடுங்குறது. பரீட்சை, ஃபைனல் மேட்ச், பெரிய மேடைன்னு இன்னிக்கும் நிறைய பயன்படுது. கை நடுங்குறதை பாத்து யாராவது பயமான்னு கேட்டா "முஷபு³ருஇ த³"ன்னு பதில் சொல்லலாம், பயம் இல்ல, தயாரா இருக்கேன்னு. ஃபுருஇ தான் இன்னொரு சொல்லோட ஒட்டும்போது பு³ருஇ ஆகுது, இதே மாதிரி மிபு³ருஇன்னா உடம்பு ஒரு தடவை சிலிர்த்து உதறுறது.

புல்லரிக்கிறதுக்கு "தொரிஹத³ க³ தத்ஸு", தொரி பறவை, ஹத³ தோல். குளிருக்கும் அருவருப்புக்கும் பயத்துக்கும் தான் முதல்ல இது இருந்துச்சு, இப்போ ஒரு பாட்டை கேட்டு மெய் சிலிர்த்தாலும் இளசுங்க இதைத்தான் சொல்றாங்க. பழைய ஆளுங்க சிலருக்கு அது பிடிக்காது, அதனால ஆபீஸ்ல மேலதிகாரியோட பேச்சை பாராட்டணும்னா இதைத் தவிர்த்துட்டு "கந்தோ³ ஷிமஷித"ன்னு (மனசு நெகிழ்ந்துட்டேன்) சொல்லிடுறது நல்லது.

படி 9: எழுத்து நடையும் வட்டார வழக்கும், பாத்தா புரிஞ்சா போதும்

ஒநொநொகு, வனனகு ரெண்டும் அஞ்சி நடுங்குறது, கதையில மட்டும். ஸென்ரித்ஸுன்னா பயத்துல வர்ற நடுக்கம், செய்தித்தாள்லயும் திகில் பட விளம்பரத்துலயும் வரும். "மிநொகெ க³ யொத³த்ஸு"ன்னா மயிர்க்கூச்செறியுற பயம். பேச்சுல இதையெல்லாம் போட்டா மேடைப் பேச்சு மாதிரி ஆயிடும்.

ஜப்பானோட வடக்குல இருக்குற ஹொக்காய்டோ, தொஹோகு பக்கம் போறவங்க ஷிப³ரெருன்னு ஒரு சொல்லை தெரிஞ்சு வச்சுக்கணும், எல்லாம் உறைஞ்சு போற கடுங்குளிர். ஹொக்காய்டோல அஸஹிகவாவுல 1902 ஜனவரி 25 அன்னிக்கு மைனஸ் 41 டிகிரி பதிவாச்சு, அந்த ஊர்க்காரங்க குளிருக்கு தனிச் சொல் வச்சிருக்குறதுல ஆச்சரியம் இல்ல. மேல பாத்த ஷிபி³ரெருவோட இதை குழப்பிக்காதீங்க, ஒரு உயிரெழுத்து தான் வித்தியாசம்.

படி 10: பயிற்சி

ஒரு காட்சியை தமிழ்ல யோசிங்க, காரணம் என்ன, எந்த இடம், ஒரு தடவையா தொடர்ந்தான்னு மூணு கேள்வி கேளுங்க, அப்புறம் சொல்லை எடுங்க. அஞ்சு காட்சி கொடுக்குறேன், பதிலை பாக்காம முதல்ல வாய் விட்டு சொல்லிப் பாருங்க.

குளிச்சிட்டு வெளியில வந்ததும் உடம்பு ஒரு உதறு உதறுச்சு. மலை இறங்கி முடிக்கும்போது முட்டி நிக்கல. அவமானத்துல அவர் கை நடுங்குச்சு. அரிசி மூட்டையை தூக்கிட்டு வந்ததும் கை உதறுது. நேத்து ராத்திரி கேட்ட சத்தத்தை இப்போ நினைச்சாலும் குலை நடுங்குது.

முதல் காட்சிக்கு "பு³ருத்தொ ஃபுருஎத", ஒரே தடவைங்கிறதால. ரெண்டாவதுக்கு "ஹிஜ க³ வரத்தெரு", களைப்புங்கிறதால, "ஹிஜ க³ க³குக³கு ஸுரு"வும் சரி தான். மூணாவதுக்கு "தெ க³ வனவன தொ ஃபுருஎதெஇத", வெளியில இருந்து பாத்து சொல்றதால "தெ ஒ வனவன தொ ஃபுருவஸெதெஇத"வும் அழகா வரும். நாலாவதுக்கு "உதெ³ க³ புருபுரு ஸுரு", பு³ருபு³ரு போட்டா கேக்குறவங்க உங்களுக்கு குளிருதுன்னு போர்வை எடுத்துட்டு வருவாங்க. அஞ்சாவதுக்கு "இம ஒமொஇத³ஷிதெமொ ஜொத்தொ ஸுரு", இதுல ஃபுருஎருவே வேண்டாம்.